எண் சொல்லும் செய்தியும் நாம் கேட்க வேண்டிய கேள்வியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா என்றால் இலக்கியச் சொற்பொழிவும் இன்னிசையும் சிறுவர் நாடகமும் இருக்கும். அவற்றின் நடுவே புள்ளிவிவரம் பற்றிப் பேசும்படி ரயில்வே எழுத்தன் ஒருவனை விழாக் குழுவினர் பணித்திருக்கின்றனர். நான் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன். மருத்துவம் கற்றவன் அல்லன். கணிதத்தில் பட்டம் பெற்றவனும் அல்லன். ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேரேடுகளோடும் கூட்டுத்தொகைகளோடும் காலம் கழித்து வருகிறேன். எண்ணைப் பார்த்தவுடனே நம்பிவிடாமல், அது எங்கிருந்து வந்தது, எதோடு ஒப்பிடப்பட்டது என்று கேட்கும் பழக்கம் அந்தத் தொழிலில் வந்தது. அந்தப் பழக்கத்தையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது கல்குளமும் விளவங்கோடும் அப்பால் சென்றன. நெய்யாற்றின்கரை வட்டம் இப்பால் நின்றது. அதனால் பெருங்கடவிளையிலும் பாறசாலைச் சுற்றுப்புறத்திலும் வாழும் நமக்குச் செய்திகள் இரண்டு மொழிகளில் வருகின்றன. காலையில் மலையாளப் பத்திரிகை ஒரு மருந்தைப் புகழ்கிறது. மாலையில் நாகர்கோவில் உறவினர் கைப்பேசியில் அனுப்பும் தமிழ்ச் செய்தி அதையே பழிக்கிறது. இரண்டின் அடியிலும் "ஆராய்ச்சியில் நிரூபணம்" என்ற முத்திரை இருக்கிறது. எதை நம்புவது? நோயாளி வீட்டில் இருக்கும்போது இந்தக் கேள்வி வெறும் பொழுதுபோக்காக இராது.

மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் சொல் "புள்ளியியல் முக்கியத்துவம்". முக்கியம் என்றவுடன் பெரியது, பயன் மிக்கது என்று நாம் பொருள் கொள்கிறோம். அறிஞர்கள் அந்தப் பொருளில் அதை வழங்குவதில்லை. "மெய்யான வேறுபாடு ஏதும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாக மட்டுமே தோன்றுவது அரிது" என்பதே அதன் பொருள். எவ்வளவு அரிது? நூற்றுக்கு ஐந்து முறைக்கும் குறைவு என்று ஓர் எல்லையை வழக்கமாகக் கொண்டுள்ளனர்.

இதை விளக்க ரொனால்டு ஃபிஷர் என்ற ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர், 1935இல் வெளியிட்ட நூலில் ஒரு தேநீர்க் கதையைச் சொல்கிறார். கோப்பையில் முதலில் பால் ஊற்றப்பட்டதா, தேநீர் ஊற்றப்பட்டதா என்று சுவைத்தே சொல்லிவிட முடியும் என்றார் ஒரு பெண்மணி. அவருக்கு 8 கோப்பைகளை முறை மாற்றிக் கொடுப்பது சோதனை. அவற்றுள் 4 பால் முந்தியவை. அந்த நான்கையும் அவர் பிரித்தெடுக்க வேண்டும். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 70. ஆகவே ஒன்றும் தெரியாதவர் குருட்டாம்போக்கில் நான்கையும் சரியாகச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்பே உண்டு. நான்கில் மூன்றாவது சரியாக வரும் வாய்ப்போ 70இல் 17. முன்னது நடந்தால் "இவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது" என்று தலையசைக்கலாம். பின்னது நடந்தால் தற்செயல் என்று எண்ணவும் இடம் உண்டு. ஒரே ஒரு கோப்பை தவறியதால் சான்றின் வலிமை எவ்வளவு குறைந்துவிட்டது, பாருங்கள்!

நம் வண்டிகளையே எடுத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் ஒரு வண்டி ஆறு நாள் நேரத்துக்கு வந்தது; மற்றொன்று நான்கு நாளே வந்தது. இதைக் கொண்டு முதல் வண்டியே ஒழுங்கானது என்று தீர்ப்புக் கூறினால், அனுபவமுள்ள நிலைய அதிகாரி சிரிப்பார். ஓராண்டுப் பதிவேட்டைக் கொண்டு வரச் சொல்வார். மருந்தைத் தின்ற பக்கத்து வீட்டுக்காரர் குணமானார் என்பதும் ஒரு வாரத்து வண்டிக் கணக்குப் போன்றதே.

சரி, ஓராண்டுப் பதிவேடு போன்ற மருத்துவக் கணக்கு நம் பக்கத்தில் எங்கேனும் உண்டா? உண்டு. ஒன்று சென்னையில் நடந்தது. மற்றொன்று நாம் வாழும் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே நடந்தது.

முதலில் சென்னை. காசநோயாளியை வீட்டிலிருந்து பிரித்துச் சானடோரியத்தில் சேர்த்தால்தான் பிழைப்பார் என்று உலகமே நம்பிய காலம் அது. படுக்கைகளோ சில ஆயிரம். நோயாளிகளோ பல லட்சம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடி 1956இல் சேத்துப்பட்டில் ஒரு மையம் அமைத்தன. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியம் சென்றனர். மற்றவர் தம் எளிய வீட்டிலேயே இருந்து அதே மருந்துகளை உட்கொண்டனர். ஓராண்டு முடிவில், நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92. வீட்டில் நூற்றுக்கு 86. முடிவு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயிற்று.

அந்த ஆறு விழுக்காட்டு வேறுபாடு, அத்தனை பேர் கொண்ட ஆய்வில், தற்செயலால் எழக்கூடிய எல்லைக்குள்ளேயே அடங்குகிறது. அதனால் இரண்டும் இம்மியும் பிசகாமல் சமம் என்று நிரூபணமாகிவிட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் வைத்தால் சிகிச்சை பெருந்தோல்வி அடையும் என்ற அச்சம் தகர்ந்தது. அதன்பின் உலகெங்கும் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்து பெறும் வழி திறந்தது. பெரிய வேறுபாடு இல்லை என்ற செய்தியும் இவ்வளவு பெரிய நன்மை செய்யும் என்பதற்கு இந்தச் சென்னை ஆய்வு சான்று.

இனி நம் மாவட்டத்திற்கு வருவோம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலையும் சேர்த்துப் போடுவது இந்தப் பகுதியின் பழைய வழக்கம். முறுக்கான் பொட்டலமில்லாத திண்ணை முன்பெல்லாம் அரிது. புகையிலையோடு சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று பிரான்சின் லியோன் நகரிலுள்ள அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985இல் அறிவித்தது. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் அத்தகையதே என்று அதன் 2004ஆம் ஆண்டு வெளியீடு கூறுகிறது.

வாய்ப்புற்றுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஈரலில் வரும் நோயைக் கண்ணால் காண முடியாது. வாயிலோ, புற்று வருமுன் தோன்றும் வெண்படலத்தையும் செம்படலத்தையும் வெளிச்சத்தில் நோக்கினால் காணலாம். அப்படியானால் ஊர் ஊராகச் சென்று மக்களின் வாயைப் பார்த்தால் சாவு குறையுமா? இதை அறியத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும் லியோன் நிறுவனமும் இணைந்து 1996இல் ஓர் ஆய்வைத் தொடங்கின. டாக்டர் சங்கரநாராயணன் அதற்குத் தலைமை தாங்கினார். மாவட்டத்தின் 13 பகுதிகளைக் குலுக்கிப் போட்டு, 7 பகுதிகளில் 35 வயதுக்கு மேற்பட்டோரின் வாயைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் மூன்றாண்டுக்கு ஒரு முறை பார்ப்பதென்றும், 6 பகுதிகளில் வழக்கமான மருத்துவ வசதியே தொடர்வதென்றும் வகுத்தனர். பார்க்கப்பட்ட பிரிவில் 96,517 பேர். மற்றதில் 95,356 பேர். முடிவுகள் 2005இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தன.

கவனத்தோடு கேளுங்கள். பார்க்கப்பட்ட பிரிவில் 205 பேருக்கு வாய்ப்புற்று கண்டறியப்பட்டது. மற்றதில் 158 பேருக்கு. இந்த வரியை மட்டும் கத்தரித்து யாரேனும் கைப்பேசியில் அனுப்பினால், "பார்த்ததால் நோய் பெருகிற்று" என்று ஊரே நம்பிவிடும்! தேடினால் மிகுதியாகக் கிடைப்பது இயல்பு. ஆகவே அறிஞர்கள் சாவைக் கணக்கிட்டனர். பார்க்கப்பட்ட பிரிவில் வாய்ப்புற்றால் இறந்தோர் 77, மற்றதில் 87.

இரு பிரிவினரும் கண்காணிக்கப்பட்ட காலம் ஒரே அளவினதாக இல்லை. எனவே தலைகளை மட்டும் எண்ணாமல், ஒவ்வொருவரும் கண்காணிப்பில் இருந்த ஆண்டுகளையும் பெருக்கிக் கூட்டினர். ரயில்வேயில் பயணிகளின் தொகையை மட்டும் பாராமல், பயணி-கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறோம் அல்லவா? அதுபோல இது ஆள்-ஆண்டுக் கணக்கு. அப்படிப் பார்த்தபோது ஒரு லட்சம் ஆள்-ஆண்டுகளுக்கு 16.4 சாவு ஒரு பக்கம், 20.7 சாவு மறு பக்கம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.79. அதாவது நூற்றுக்கு 21 குறைவு.

"அப்படியானால் வெற்றிதானே!" என்று கைதட்டத் தோன்றும். ஆய்வாளர்கள் அந்த எண்ணோடு இன்னும் இரண்டு எண்களையும் அச்சிட்டனர்: 0.51 முதல் 1.22 வரை. இதற்கு நம்பிக்கை இடைவெளி என்று பெயர். சாவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கலாம். நூற்றுக்கு 22 கூடியும் இருக்கலாம். கிடைத்த விவரம் இரண்டிற்கும் இடம் தருகிறது என்பது அதன் பொருள். வேறுபாடு இல்லை என்பதைக் குறிக்கும் 1 என்ற எண் அந்த இடைவெளிக்குள் இருக்கிறது. ஆகவே இம்முடிவுக்குப் புள்ளியியல் முக்கியத்துவம் இல்லை.

இரண்டு லட்சம் பேரை நெருங்கும் ஆய்வில் இடைவெளி ஏன் இவ்வளவு அகலம்? இரண்டு காரணங்கள் உண்டு. மக்கள் தொகை பெரிதாயினும் சாவுகள் 164தான். கணக்கின் வலிமை சாவுகளின் தொகையைப் பொறுத்தது. இரண்டாவது, குலுக்கப்பட்டவை 13 பகுதிகளே. தனித்தனி மனிதர்கள் குலுக்கப்படவில்லை. ஒரு பெட்டியில் 72 பேர் பயணம் செய்கின்றனர். அத்தனை பேரும் ஒரே கல்யாண கோஷ்டியினர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் சமையல் பற்றிக் கருத்துக் கேட்டால் 72 கருத்துகள் கிடைத்ததாகச் சொல்ல முடியுமா? ஒரே ஊரார் உணவிலும் பழக்கத்திலும் ஒத்திருப்பர். அதற்கேற்பக் கணக்கை இறுக்கிப் போட்டதால்தான் இடைவெளி விரிந்தது. அவ்வாறு போட்டது அவர்களின் நேர்மை.

அடுத்து வருவதே இந்த ஆய்வின் உயிர்நாடி. இறந்த 164 பேரில் 155 பேர் புகையிலையோ மதுவோ இரண்டுமோ பழகியவர்கள். அவர்களை மட்டும் தனியே எடுத்துக் கணக்கிட்டபோது விகிதம் 0.66, இடைவெளி 0.45 முதல் 0.95 வரை. இங்கே 1 வெளியே நின்றுவிட்டது. அதாவது இப்பழக்கமுடையவர்களிடையே, வாயைப் பார்த்ததால் சாவு நூற்றுக்கு 34 அளவு குறைந்தது என்பதைத் தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாது.

பிரித்துப் பார்ப்பதில் ஓர் ஆபத்து உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பயனே இல்லாத ஒரு தைலத்தை, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது சோதனைகளுக்கு உட்படுத்தினால், ஒன்றிலாவது "முக்கியத்துவம்" தற்செயலாக வந்துவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 64. பிறகு அந்த ஒன்றை மட்டும் விளம்பரத்தில் போட்டுவிட்டுப் பத்தொன்பதை மறைத்துவிடலாம்! இதைத் தடுக்கவே, எதைச் சோதிக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்ய, இந்தியாவில் 2007இல் மருத்துவச் சோதனைப் பதிவகம் ஒன்று தொடங்கப்பட்டது. 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகளுக்கு அப்பதிவு கட்டாயமாயிற்று. வாய்ப்புற்று ஆய்வில் புகையிலைப் பழக்கமுடையோரைப் பிரித்தது, நோயின் காரணத்தை ஒட்டிய பிரிவு. ஜாதகம் பார்த்து மேஷ ராசிக்காரரைப் பிரித்ததற்கு அதை ஒப்பிட முடியாது. மேலும் 2013இல் வெளிவந்த பதினைந்தாண்டுக் கணக்கும் அதே திசையைக் காட்டியது. எல்லோரையும் சேர்த்தால் விகிதம் 0.88, இடைவெளி 0.69 முதல் 1.12 வரை, பழக்கமுடையோரிடையே 0.76, இடைவெளி 0.60 முதல் 0.97 வரை. ஒரு முறை கண்டதை மறுமுறையும் காண்பது எந்தத் தனி எண்ணையும்விட வலிமை உடையது.

தாய்மார்கள் இனிச் சொல்வதைக் குறிப்பாகக் கேட்க வேண்டுகிறேன். 2005ஆம் ஆண்டு முடிவில், பழக்கமுடைய ஆண்களிடையே விகிதம் 0.57, இடைவெளி 0.35 முதல் 0.93 வரை. பெண்களிடையே 0.78, இடைவெளி 0.43 முதல் 1.42 வரை. "ஆண்களுக்குப் பயன் உண்டு, பெண்களுக்கு இல்லை" என்று அவசரக்காரர் எழுதிவிடுவார். அது பிழை. பெண்களின் இடைவெளி அகன்றிருக்கிறது, அவ்வளவே. சாவு பாதிக்கு மேல் குறைந்திருக்கவும் அதில் இடம் இருக்கிறது. "முக்கியத்துவம் காணப்படவில்லை" என்பது "பயன் இல்லை" என்று ஆகாது. "இன்னும் தெளிவாகவில்லை" என்பதே பொருள். கதவைத் தட்டினோம், பதில் இல்லை. அதனால் வீட்டில் ஆள் இல்லை என்று முடிவு கட்டலாமா? ஆகவே வெற்றிலைச் செல்லத்தைக் கைவிடாத நம் பாட்டிமாரின் வாயையும் பார்க்கத்தான் வேண்டும்.

நூற்றுக்கு ஐந்து என்ற எல்லை இயற்கை வகுத்ததன்று; அறிஞர்கள் வசதிக்காக வைத்துக்கொண்டது. நான்கு வந்தால் மெய், ஆறு வந்தால் பொய் என்று பிரிப்பதை அவர்களே இப்போது கண்டிக்கின்றனர். அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் இதைப் பற்றி எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. 2019இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையில், "முக்கியம், முக்கியமல்ல" என்று இரு கூறாக வெட்டும் வழக்கத்தைக் கைவிடும்படி 800க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் கையொப்பமிட்டனர். சோதனையே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. வேறுபாட்டின் அளவையும் இடைவெளியின் அகலத்தையும் பாருங்கள் என்கிறார்கள்.

அளவு என்றதும் மற்றொன்று சொல்ல வேண்டும். "ஆபத்து இரட்டிப்பு" என்று தலைப்பு வரும். பத்து லட்சத்தில் ஒருவர் இருவரானாலும் இரட்டிப்பு. பத்தில் ஒருவர் இருவரானாலும் இரட்டிப்பு. லட்சக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்த்தால் அற்ப வேறுபாடும் புள்ளியியல் முக்கியத்துவம் பெற்றுவிடும். அதனால் அது வாழ்க்கையில் முக்கியமாகிவிடாது. எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

அன்பர்களே! உடல்நலச் செய்தி எது வந்தாலும் நாம் கேட்க வேண்டியவை சிலவே. எத்தனை பேரைப் பார்த்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள்? பிரிவுகளைக் குலுக்கிப் பிரித்தார்களா, விரும்பி வந்தவர்களைச் சேர்த்தார்களா? வேறுபாடு எவ்வளவு, அதன் இடைவெளி எங்கிருந்து எங்கு வரை? மற்றோர் இடத்திலோ பின்னொரு காலத்திலோ அதே முடிவு கிடைத்ததா? இவற்றுக்கு விடை கிடைக்காத செய்தியை மற்றவருக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுவதே நல்லது. மருந்தை நிறுத்துவதோ மாற்றுவதோ மருத்துவரைக் கேட்ட பிறகுதான்.

இறுதியாக, அதே ஆய்விலிருந்து இன்னோர் எண். இதற்கு எந்த இடைவெளிக் கணக்கும் வேண்டியதில்லை. வாயில் ஐயத்திற்குரிய மாற்றம் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் 5,145 பேர். மருத்துவரிடம் போகும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. சென்றவர்கள் 3,218 பேர். மீதி 1,927 பேர் போகவில்லை. வலி இல்லையே என்று இருந்துவிட்டார்களோ, கூலி வேலையை விட முடியவில்லையோ, துணைக்கு ஆளில்லையோ, அச்சமோ! அந்தக் கணக்கில் வருகிறவர்கள் நம் மாவட்டத்து மக்கள்; நம்மைப் போன்ற குடும்பத்தவர்கள்.

ஆராய்ச்சி தன் பங்கைச் செய்துவிட்டது. இந்திய அரசும் 2016இல் வகுத்த நெறிமுறைகளில், 30 வயதைக் கடந்தவர்களின் வாயை ஐந்தாண்டுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறது. எஞ்சிய பங்கு குடும்பத்தாருடையது. புகையிலையை விடச் சொல்லுங்கள். பாக்கும் தீங்கே என்று எடுத்துரையுங்கள். ஆறாத புண்ணோ, வெள்ளையாகவோ சிவப்பாகவோ படலமோ, வாயைத் திறக்க முடியாத இறுக்கமோ கண்டால் அண்மையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். தனியே போகத் தயங்குபவரோடு நம் சங்கத்து இளைஞர் ஒருவர் உடன் போகட்டும். அடுத்த ஆண்டு விழாவுக்குள் இந்தக் காலனியில் புகையிலை போடும் ஒவ்வொருவர் வாயும் ஒரு முறையேனும் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பேரேட்டை எழுதும் வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன். எழுதிப் பழகிய கை இது.